அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

"நெத்தியில ஆரம்பிங்க. மேலேருந்து கீழ. திருப்பித் தேய்க்கக் கூடாது" என்றார் பூசாரி.

காம்-லுன் துவாலையைக் கிண்ணத்து நீரில் நனைத்துப் பிழிந்தான். மூத்த மகன்தான் துடைக்க வேண்டும். அப்பாவின் முகத்தில் கை பட்டதும் இழுத்துக்கொள்ளத் தோன்றியது. அப்படியொரு குளிர். ஈமச்சடங்கு நிலையத்து ஆட்கள் சவரம் செய்து கன்னத்தில் லேசாகச் சிவப்புப் பூசியிருந்தார்கள். முப்பது வருடம் கப்பல் அடுக்களையில் எண்ணெய்ப் புகைக்கு முகம் கொடுத்த மனிதருக்கு உயிரோடிருந்தபோது வாய்க்காத நிறம் அது.

நெற்றி, மூக்கு, தாடை. துடைத்து முடிக்கும்போது வெளியே கூடத்தில் பயணப்பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. தங்கை வை-யிங் வந்துவிட்டாள். மான்செஸ்டரில் விமானம் ஏறி, ஹாங்காங்கின் காய் டாக் விமான நிலையத்தில் இறங்கி, நேராக இங்கே வந்திருந்தாள். யாரோ அவளுடைய தடித்த கோட்டுக்கு மேலேயே வெள்ளைச் சணல் அங்கியைப் போட்டுவிட்டார்கள். அவள் கூடத்து வாசலில் முழங்காலிட்டு, அப்படியே நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்தாள். கடைசி மூச்சுக்கு வந்து சேராத பிள்ளை அப்படித்தான் வரவேண்டும்.

"அப்பா, நான் வந்துட்டேன்" என்றாள், உடல் கிடந்த அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எழுந்து நின்று. பிறகு அண்ணனைப் பார்த்தாள். "ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. தூக்கத்துலயே."

அது உண்மையில்லை. கடைசி இரண்டு நாளும் அப்பா மாக் பாக்-தோங் மூச்சுக்காகப் படுக்கையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கிடந்தார். வை-யிங் மேலே கேட்கவில்லை. அண்ணன் மனைவி ஷுக்-ஹான் நீட்டிய முக்காலியில் உட்கார்ந்து, இறந்தவருக்காக எரிக்கும் தங்கத் தாளை மடிக்கத் தொடங்கினாள்.

மாலையில் கூட்டம் வந்தது. ஊதுபத்திப் புகையில் அப்பாவின் படம் மங்கலாகத் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கும் முகம். வந்தவர்கள் மூன்று முறை குனிந்தார்கள். குடும்பத்தார் பதிலுக்குக் குனிந்தார்கள். முன்வரிசையில் அப்பாவோடு பல கப்பல்களில் வேலை பார்த்த ஆ-சோய் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. காது கொஞ்சம் மந்தம். ஆகவே குரல் பெரிது.

"உங்க அப்பன் இருக்கானே, டீக்கடையில உட்கார்ந்தா முதல்ல டீ சொல்ல மாட்டான். பாஸ்போர்ட்டை எடுத்து மேசை மேல வைப்பான்" என்றார் காம்-லுன்னிடம். "சர்வர் பையன் வந்தா, தொடைச்ச கையோட தொடு, ஈரக்கையோட தொடாதேம்பான். சிங்கமும் கொம்புக் குதிரையும் போட்ட அட்டை. அதைத் திறந்து எங்களுக்கெல்லாம் காட்டுவான். 'பிரிட்டிஷ் தேசத்தவர், பிராக்கெட்ல என்ன போட்டிருக்கு பாரு, கடல் கடந்தவர். பொருத்தமா இருக்கா இல்லியா? நான் போகாத கடலா?'ம்பான். நாங்க சிரிப்போம். உடனே அவனுக்குக் கோவம் வரும். 'சிரிக்காதீங்கடா, எம் மகன் வெள்ளைக்காரங்களோட சரிசமமா உட்கார்ந்து எழுதினது'ன்னுவான்."

சுற்றி இருந்தவர்கள் காம்-லுன்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அவன் எரியும் தொட்டியில் தாளைப் போடுகிறவன்போலக் குனிந்துகொண்டான்.

அந்தப் பாஸ்போர்ட் வந்த நாளை அவன் மறக்கவில்லை. அப்பா சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, எழுத்துக்கூட்டிப் படித்தார். கப்பலில் கற்ற ஆங்கிலம். "இந்த பிராக்கெட் எதுக்குடா?" என்றார். தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. "கடல் கடந்தவங்கன்னு அர்த்தம்ப்பா" என்றான் அவன், முகத்தைத் திருப்பாமல். அப்பா அந்தச் சொல்லை விரலால் தடவினார். "அப்ப சரிதான்" என்றார். அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு, அது உங்களைச் சொல்லவில்லை அப்பா, நம்மையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைப்பதற்கான சொல் என்று அவனால் விளக்க முடியவில்லை. விளக்க முயலவும் இல்லை.

எழுதினது என்று அப்பா சொன்னதும் முழு உண்மையில்லை. எண்பத்தாறில், தொண்ணூற்றேழில் ஊர் சீனாவுக்குக் கைமாறிய பிறகு ஹாங்காங் மக்களை எந்தப் பெயரால் அழைப்பது, புதுப் பாஸ்போர்ட்டில் எந்த வாசகம் போடுவது என்று லண்டனுக்கும் இங்கேயும் காகிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன. அதற்கென அமைத்த அரசாங்கக் குழுவில் காம்-லுன் மேசையின் கடைக்கோடியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தான். வாரக்கணக்கில் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஒருநாள், சட்டப் பிரிவிலிருந்து வந்திருந்த ஃபுங் என்ற இளம்பெண் எழுந்து, "இதை வச்சிருக்கிறவங்க பிரிட்டன்ல குடியேற முடியாதுன்னு நேரடியா ஒரு வரி போடணும். ரெண்டு மொழியிலயும். இல்லாததை இல்லைன்னு சொல்லாம ஒரு பிராக்கெட்டுக்குள்ள ஒளிச்சு வச்சா, அது ஏமாத்துறது" என்றாள். அறையில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. தப்பென்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. குழுத் தலைவர் வெயின்ரைட் பேனாவை உருட்டினார். பிறகு கடைக்கோடியைப் பார்த்தார்.

"மிஸ்டர் மாக், நீங்க சொல்லுங்க. நீங்க இந்த ஊர்க்காரர். அந்த வரி இல்லேன்னா உங்க ஜனங்க தப்பாப் புரிஞ்சுக்குவாங்களா?"

இருபது வருட உத்தியோகத்தில் அப்படி ஒருவர் அவனுடைய பெயரைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டதில்லை. எல்லா முகங்களும் திரும்பின. தேநீர்க் கோப்பைகள் ஆறிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது.

"சார், எங்க ஆளுங்க அட்டையைத்தான் பார்ப்பாங்க. உள்ள இருக்கிறதை எவனும் படிக்க மாட்டான்" என்றான்.

அறை முழுதும் சிரித்தது. வெயின்ரைட் நன்றாகவே சிரித்தார். ஃபுங் மட்டும் உட்கார்ந்து, தன் முன்னாலிருந்த தாளை மடித்தாள். உள்ளூர்க் கருத்து கேட்டறியப்பட்டது என்று குறிப்பில் ஒரு வரியை அவன் கையாலேயே எழுதினான். வீட்டுக்கு வந்து, இன்றைக்குக் கூட்டத்தில் நான் பேசினேன் என்று அப்பாவிடம் சொன்னான். என்ன பேசினான் என்று சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அன்று அவர் மீன் வாங்கி வந்து ஆவியில் வேகவைத்தார். தலைப்பக்கத்தை மகன் தட்டில் வைத்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம்."

எரியும் தொட்டிக்குப் பக்கத்தில் அலுவலக நண்பன் லியோங் கறுப்புக் கோட்டில் நின்றுகொண்டிருந்தான். குனிந்து வணங்கிவிட்டுக் காதருகே வந்தான். "போன மாசம் லண்டன்ல அறிவிச்சாங்களே, ஐம்பதாயிரம் குடும்பத்துக்கு முழுப் பாஸ்போர்ட்டுன்னு? நம்ம மாதிரி அரசாங்க ஆளுங்களுக்கு முன்னுரிமையாம். உனக்கு நிச்சயம்ப்பா. வருத்தத்துலயும் ஒரு நல்ல சேதி." தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தான்.

ஷுக்-ஹானின் முகம் ஒரு கணம் மலர்ந்து, இடம் நினைவுக்கு வந்து சுருங்கியது. பக்கத்தில் தாள் மடித்துக்கொண்டிருந்த வை-யிங் தலை நிமிராமல் சொன்னாள்:

"வாழ்த்துக்கள்ணே. பிராக்கெட் இல்லாதது."

"இப்ப எதுக்குடி இது?"

"சும்மாதான் சொன்னேன்." தாளைத் தொட்டியில் போட்டாள். அது எரிந்து சுருண்டது. "அப்பா மான்செஸ்டர்ல என் வீட்டுக்கு வந்துட்டு ஏன் சீக்கிரமாத் திரும்பினாருன்னு உனக்குத் தெரியுமா?"

"குளிர் ஒத்துக்கலைன்னார்."

"குளிரா? வடகடல்ல ஐஸை வெட்டிக்கிட்டுப் போன கப்பல்ல சமைச்ச ஆளுக்குக் குளிரா?"

அப்பா சொன்னபோதே காம்-லுன்னுக்கும் அது இடித்தது. ஆனாலும் அப்பா வாங்கி வந்த பிஸ்கட் டப்பாவைப் பிரித்துக்கொண்டு, அங்கே உருளைக்கிழங்கு நன்றாயிருக்கிறது, மழைதான் நிற்பதில்லை என்று அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டியிருந்தான்.

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள் வை-யிங். "அண்ணன் மனசு கஷ்டப்படும்னாரு. இப்ப அவரே இல்ல. அவர் வந்த அன்னிக்கு, விமானத்துல வந்தவங்க எல்லாரும் வெளிய போயாச்சு, அப்பாவை மட்டும் காணோம். நான் ஏழு மாசம். நிக்கவும் முடியல, உட்காரவும் முடியல. அப்புறம் ஒருத்தர் வந்து என்னை உள்ள கூட்டிட்டுப் போனாரு. ஜன்னல் இல்லாத ஒரு சின்ன ரூம். பெஞ்சில அப்பா. நீ வாங்கிக் கொடுத்த கோட்டு, டை எல்லாம் போட்டுக்கிட்டு. காய்ஞ்ச சிப்பியும் ஆரஞ்சுத் தோலும் கொண்டுவந்திருந்தாரு, நான் புள்ள பெத்தா சூப்பு வைக்க. அதையெல்லாம் பிரிச்சு மேசை மேல கொட்டி வச்சிருந்தாங்க."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதிகாரி சின்னப் பையன். எங்க கடைக்கு மீன் வறுவல் வாங்க வருவானுங்களே, அந்த மாதிரி. கெட்டவன்னு சொல்ல முடியாது. 'உங்களுக்கு மனைவி இல்ல, சொந்த வீடு இல்ல, மகள் இங்க இருக்கா. நீங்க திரும்பிப் போவீங்கன்னு நான் எப்படி நம்புறது? அங்க உங்களுக்கு என்ன இருக்கு?'ன்னு கேட்டான். அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'எம் மகன் இருக்கான்'னாரு."

காம்-லுன் கையிலிருந்த தாள் பாதி மடிப்பில் நின்றது.

"அதோட விட்டாரா? 'அவன் அரசாங்கத்துல பெரிய வேலை. இந்தப் புத்தகத்துல இருக்கிற வாசகத்தை எழுதின கமிட்டியில உட்கார்ந்தவன்'னாரு. அந்தப் பையன் சிரிச்சுட்டான். 'அப்படியா? நீங்க இங்க வந்து தங்கலாம்னு இதுல எங்கயும் எழுதலையே?'ன்னான். அப்பா எழுந்து நின்னுட்டாரு. 'இருக்கும் சார். மறுபடியும் படிங்க. எம் மகன் அப்படியெல்லாம் விட்டுட மாட்டான்.' அந்தப் பையனும் படிச்சான். சத்தமா, முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும். அப்பா காதைக் கொடுத்துக் கேட்டுக்கிட்டே நின்னாரு. முடிஞ்சதும் பக்கத்தைத் திருப்பச் சொன்னாரு. அடுத்த பக்கம் வெறும் கோடுதான்."

பூசாரியின் மணி ஒலித்தது. புதிதாக யாரோ வந்து குனிந்தார்கள். அண்ணனும் தங்கையும் எழுந்து பதிலுக்குக் குனிந்து மறுபடி உட்கார்ந்தார்கள்.

"கொஞ்சநாளுக்கு மட்டும் முத்திரை குத்தி விட்டாங்க. என் பிரசவத்துக்கு முன்னாடி அது முடிஞ்சு போச்சு. நீட்டிக்க எழுதிக் கேட்கலாம்ப்பான்னு சொன்னேன். வேண்டாம்மா, அண்ணன் பேரு கெட்டுப்போயிடும்னு கிளம்பிட்டாரு. பேத்தியை போட்டோவுலதான் பார்த்தாரு."

"எனக்கு எழுதியிருக்கலாமே" என்றான் காம்-லுன்.

"எழுதி?"

வை-யிங் கைகளைத் தட்டிச் சாம்பலை உதறினாள்.

"பாஸ்போர்ட் எங்க இருக்கு?"

"அண்ணியோட பையில."

"நாளைக்குப் பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி அவர் சட்டைப்பையில வச்சுடு. ஆ-சோய் சித்தப்பாகிட்ட சொல்லியிருக்காராம், போகும்போது அது கூட இருக்கணும்னு."

"அது திருப்பி ஒப்படைக்க வேண்டியது, யிங். இறந்தவங்களோடதை ஆபீஸ்ல கொடுத்து முனையை வெட்டி ரத்து பண்ணணும். அதுதான் விதி."

வை-யிங் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பையன் படித்து முடித்தபோது அப்பா எப்படிப் பார்த்திருப்பார் என்று அவனுக்குத் தோன்றியது.

"வைக்கிறேன்" என்றான்.

மறுநாள் காலையில் மழை தூறியது. காம்-லுன் பாஸ்போர்ட்டை மனைவியின் பையிலிருந்து எடுத்து, அங்கிக்கு உள்ளே கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். கடைசி வணக்கத்துக்காகப் பெட்டியைக் கூடத்தின் நடுவில் திறந்து வைத்திருந்தார்கள். குடும்பம் சுற்றி வந்தது. வை-யிங் பட்டுப் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். அவன் முறை வந்து, பையில் கை வைத்தபோது வாசலில் சலசலப்பு.

வெயின்ரைட் வந்திருந்தார். குடையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கறுப்பு டையைச் சரிசெய்துகொண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாக மூன்று முறை குனிந்தார். பிறகு நேராக அவனிடம் வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு, மாக். உங்க அப்பா கப்பல்காரர், இல்லையா? ஒருதடவை சொல்லியிருக்கீங்க."

"ஆமா சார். சமையல்காரர். நீங்க வந்ததுக்கு நன்றி."

"இது யாரு, உங்க தங்கையா?"

"ஆமா சார்" என்றான். வை-யிங் மான்செஸ்டர் கடைகளின் ஆங்கிலம் பேசுவாள். நினைத்ததை நினைத்தபடி கேட்கிறவள். இவர்தான் அந்தக் குழுவின் தலைவர் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதே என்று அவன் அந்தக் கணத்தில் அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேண்டிக்கொண்டான்.

"மழையில வந்திருக்கீங்க, நன்றி" என்றாள் வை-யிங், அவ்வளவுதான்.

வெயின்ரைட் தலையசைத்துவிட்டு அங்கிருந்து நகரவில்லை. மரியாதைக்காக, பெட்டியின் தலைமாட்டிலேயே கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய இடம். காம்-லுன் பையில் விட்ட கையை அப்படியே வைத்திருந்தான். அட்டையின் முனை விரலில் குத்தியது. எடுத்து வைத்துவிட ஒரு மூச்சு நேரம் போதும். வெயின்ரைட் பார்த்தால்கூட ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்கிற மனிதர் இல்லை அவர். அது காம்-லுன்னுக்கும் தெரியும்.

"திரும்பிக்கோங்க" என்று பூசாரி உரக்கக் கூவினார். "எல்லாரும் திரும்பிக்கோங்க. மூடும்போது யாரும் பார்க்கக் கூடாது."

எல்லோரும் பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். வெயின்ரைட்டும் திரும்பினார். காம்-லுன்னுக்கு அப்போதும் நேரம் இருந்தது. யாருடைய கண்ணும் அவன்மேல் இல்லை. ஆனால் பூசாரி சொன்னதும் எல்லோரோடும் சேர்ந்து அவன் உடம்பு தானாகவே திரும்பிவிட்டது. பின்னால் மூடி உராய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு சுத்தியல்.

"வச்சியா?" என்றாள் வை-யிங் பக்கத்திலிருந்து, சுவரைப் பார்த்தபடி.

"வச்சேன்."

அவள் மெல்லக் கையை நீட்டி அவன் அங்கியின் முனையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் படகுத்துறைக் கூட்டத்தில் அப்பாவின் கப்பல் வரும் நாளில் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். சுத்தியல் சத்தம் நிற்கும்வரை விடவில்லை.

மலைச்சரிவில் இருந்த எரியூட்டு நிலையத்தில் எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. பொத்தானை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினான். திரும்பும் வழியில், வழக்கப்படி, வந்தவர்களையெல்லாம் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள். கௌலூன் பகுதியில் ஒரு மாடி உணவகம். வெயின்ரைட் அலுவலகத்துக்குப் போய்விட்டார். வட்ட மேசையைச் சுற்றி உறவினர்கள் உட்கார்ந்ததும் பேச்சுச் சத்தம் உயர்ந்தது. யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். அழுது முடித்தவர்களுக்கு நல்ல பசி.

ஆ-சோய் சித்தப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு காம்-லுன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யிங் சொன்னா. பையில வச்சுட்டியாமே. நல்ல புள்ளடா நீ." அவனுடைய கையைத் தட்டிக்கொடுத்தார். "அரசாங்க வேலைக்காரன், பயப்படுவியோன்னு நினைச்சேன். உங்கப்பன் சொல்லுவான், எம் மகன் வாயைத் திறந்தா சரியான விஷயத்துக்குத்தான் திறப்பான்னு."

காம்-லுன் டோஃபு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தான். கோட்டுப் பையில் பாஸ்போர்ட் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. குனிந்தால் குத்தியது. நேராக உட்கார்ந்தான்.

"உன்கிட்ட ஒரு உதவி கேட்கணும்" என்றார் சித்தப்பா. பெரிய குரலைத் தன்னால் முடிந்த மட்டும் தாழ்த்தினார். "எங்கிட்ட பழைய பாஸ்போர்ட்தான் இருக்கு. உங்கப்பன் எடுத்தானே, அதே மாதிரி புதுசா ஒண்ணு எடுத்துடலாம்னு இருக்கேன். சாகுறதுக்குள்ள நானும் மேசையில வச்சு டீ குடிக்கணும். விண்ணப்பத்தை நீயே பார்த்து எழுதிக் கொடுத்துடு. நீ எழுதினாத் தப்பு வராது."

சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரே மாதிரி நான்கு சிறிய போட்டோக்கள். சித்தப்பா யாரிடமோ இரவல் வாங்கிய டையில், தலைமுடிக்கு எண்ணெய் வைத்து வாரி, கண்ணை அகல விரித்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து மேசைத் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் பிடித்து அவனிடம் நீட்டினார்.

"எப்படி இருக்கு? சரியா விழுந்திருக்கேனா?"

காம்-லுன் வாங்கிப் பார்த்தான். வை-யிங் எதிர்ப்பக்கத்திலிருந்து அவர்களைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தாள். பரிமாறுகிறவன் ஆவி பறக்க மீனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

"நல்லா இருக்கீங்க, சித்தப்பா" என்றான்.

அவருக்கு அது கேட்கவில்லை. காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவன் இன்னொரு தடவை, சற்று உரக்கச் சொன்னான். ஆவியில் அவனுடைய மூக்குக்கண்ணாடி வில்லைகள் இரண்டும் வெளுத்துப்போயின. துடைக்காமல், போட்டோவைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.